பழைய வீடியோ கேம் இதழ்கள்: முதுகைப் பிரிக்காமல் ஸ்கேன் எடுக்க முடியுமா?

பிக்சல்பாண்டி:
ஒரு பெட்டி நிறைய பழைய கேம் இதழ்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் எலக்ட்ரானிக் கேமிங் மன்த்லியும் நின்டெண்டோ பவரும். மீதி, பிரிட்டனில் வந்த அபிஷியல் பிளேஸ்டேஷன் மேகசின், டெமோ சிடியோடு. கேம்புரோ 2011-லும் நின்டெண்டோ பவர் 2012 டிசம்பரிலும் நின்றுபோயின. கேம் இன்பார்மரை 2024 ஆகஸ்டில் மூடியபோது இணையதளத்தையும் சேர்த்தே இறக்கிவிட்டார்கள். 2025-ல் வேறொரு நிறுவனம் வாங்கியதால்தான் அது திரும்பி வந்தது. அதனால் கையில் இருப்பதை ஒழுங்காகக் கணினியில் ஏற்றிவிட நினைக்கிறேன். முதுகைப் பிரிக்காமல் முடியுமா? 300 டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) போதுமா? சோதனைக்கு எடுத்த பக்கத்தில் படங்கள் மேலெல்லாம் அலை அலையாகக் கோடு விழுகிறது. ஸ்கேனர் கோளாறா?

தாள்நேயன்:
ஸ்கேனரில் கோளாறு இல்லை. ஆப்செட்டில் அச்சான படம் முழுக்கப் புள்ளிகள்தான். இந்த மாதிரி இதழ்களில் அங்குலத்துக்கு 133 முதல் 150 வரிசை வரை இருக்கும். 300 டிபிஐயில் எடுத்தால் அந்தப் புள்ளி வரிசையும் ஸ்கேனரின் வரிசையும் மோதி அலை உண்டாகிறது. 600-ல் எடுங்கள். புள்ளிகள் தனித்தனியாகப் பதிந்த பிறகு டீஸ்க்ரீன் செய்து (அச்சுப் புள்ளிகளை மென்பொருளால் கரைத்து), அதற்கப்புறம் 300-க்குக் குறையுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. குறைத்த பிறகு டீஸ்க்ரீன் போட்டால் அலை போகாது, எழுத்து மட்டும் மங்கும்.

இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏ4 அளவில் 600 டிபிஐ வண்ணப் பக்கம் ஒன்று சுருக்காமல் 100 எம்பியைத் தாண்டும். நூறு பக்க இதழுக்கு 10 ஜிபி. மூலத்தை, தரம் குறைக்காத எல்இசட்டபிள்யூ சுருக்கத்தில் டிஃப் பைலாக வையுங்கள். படிப்பதற்கு ஜேபெக் தனியாக.

ஆட்டோ கலர், ஷார்ப்பன் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாறும். தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைப்பது கட்டாயம். மெல்லிய ஆர்ட் பேப்பரில் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரியும். வெள்ளை மூடியோடு எடுத்தால் அதை எந்த மென்பொருளாலும் சுத்தமாக நீக்க முடியாது.

பிரிப்பதா வேண்டாமா என்பது பைண்டிங்கைப் பொறுத்தது. சென்டர் பின் (நடு மடிப்பில் கம்பி பின் அடித்தது) என்றால் யோசிக்கவே வேண்டாம். மெல்லிய தட்டை ஸ்க்ரூடிரைவரால் பின்னின் இரு காலையும் நிமிர்த்தி, தாள்களை எடுத்து, ஸ்கேன் முடிந்ததும் அதே துளையில் திரும்பப் பூட்டலாம். முதுகில் பசையால் ஒட்டிய பெர்பெக்ட் பைண்டிங்தான் சிக்கல். பிரிக்காமல் எடுப்பதானால், கண்ணாடியை விட்டுச் சற்று எழும்பிய பக்கத்தையும் தெளிவாகப் பதியும் சிசிடி வகை ஸ்கேனர் வேண்டும். இப்போது மலிவாகக் கிடைக்கும் மெல்லிய சிஐஎஸ் ஸ்கேனர்களில் கண்ணாடியை விட்டு ஓரிரு மில்லிமீட்டர் எழும்பினாலே படம் கலங்கிவிடும், முதுகுப் பக்கம் முழுக்க வீணாகும். பிரிப்பதானால் ஹேர் டிரையரால் முதுகைச் சூடாக்கிப் பசை இளகியதும் ஒவ்வொரு தாளாக மெதுவாக இழுங்கள். பிரஸ்ஸில் கொடுத்து வெட்டாதீர்கள். வெட்டினால் 2-3 மி.மீ. போய்விடும், இரு பக்கமும் சேர்ந்த படங்களின் நடுப்பகுதி பிறகு ஒட்டாது.

கீழ்த்தட்டு:
டிரையரை எடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பழைய கேம் இதழ் ஸ்கேன்களைச் சேர்க்கும் ரெட்ரோமேக்ஸ் தளம், இன்டர்நெட் ஆர்க்கைவ், 2025 ஜனவரியில் திறந்த வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷனின் டிஜிட்டல் நூலகம், இந்த மூன்றிலும் இதழ் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். நல்ல ஸ்கேன் ஏற்கெனவே இருந்தால் உங்கள் பிரதியைப் பிரிக்காதீர்கள். நின்டெண்டோ பவர் பலரும் எடுத்து முடித்த இதழ். இணைப்பு இதழ், போஸ்டர், மடிப்புப் பக்கம், சந்தா அட்டை ஆகியவைதான் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். முதலில் அவற்றைப் பாருங்கள்.

விளம்பரம்தானே என்று பக்கங்களை விட்டுவிடாதீர்கள். அந்தந்த மாதம் ஒரு கேம் என்ன விலைக்கு விற்றது என்பதற்கு அஞ்சல்வழிக் கடைகளின் பட்டியல்தான் நேரடிச் சாட்சி. செய்திப் பக்கங்களும் அப்படியே. எர்த்பவுண்ட் 64 போல வெளிவராமலே 2000-ல் கைவிடப்பட்ட கேம்களின் படங்களை நாம் இன்று பார்க்க முடிவதில் இதழ்களின் பங்கு பெரிது.

அட்டையில் சந்தாதாரர் முகவரிச் சீட்டு இருந்தால் பொதுவில் பகிரும் பிரதியில் மறைத்துவிடுங்கள். எங்கே பகிர்வது என்பதிலும் நிதானம் வேண்டும். நின்டெண்டோ பவர் ஸ்கேன்களை 2016-ல் நின்டெண்டோ சொல்லி இன்டர்நெட் ஆர்க்கைவ் நீக்கியது. இதழ் செத்தாலும் உரிமை சாகாது. அமெரிக்காவில் நிறுவனத்தின் பெயரில் வந்த படைப்புக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு.

வட்டுச்சுழல்:
தாளை விடச் சிடிதான் அவசரம். இந்த இதழ்கள் ஏன் விற்றன, ஏன் சரிந்தன என்பதும் பாதி அந்தச் சிடியில்தான் இருக்கிறது. புதிய கேமை வாங்குமுன் வீட்டில் ஆடிப் பார்க்க அது ஒரு முக்கிய வழியாக இருந்தது. எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 காலத்தில் டெமோ நேராகக் கன்சோலுக்கே இறங்கியதும் அந்தக் காரணம் போய்விட்டது. இணையம் ஒன்றுதான் கொன்றது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பெரிய விநியோகஸ்தரான ஆண்டர்சன் நியூஸ் வேலையை நிறுத்தியபோது எல்லா வகை இதழ்களும் கடைக்குப் போக முடியாமல் தவித்தன. கேம் இன்பார்மர் அத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் கேம்ஸ்டாப்பின் உறுப்பினர் அட்டையோடு சேர்ந்து வீட்டுக்கே வந்தது.

பிளேஸ்டேஷன் டெமோ சிடியை ஐஎஸ்ஓவாக (டேட்டாவை மட்டும் வைக்கும் வட்டுப் பிரதி பைல்) எடுக்காதீர்கள். அது டேட்டாவோடு வீடியோவும் ஒலியும் கலந்து பதியும் மோட் 2 எக்ஸ்ஏ வகை. சிலவற்றில் ஆடியோ டிராக்கும் உண்டு. ஐஎஸ்ஓ அவற்றை விட்டுவிடும், வீடியோ ஓடாது, பாட்டு வராது. பின்/கியூ (.bin, .cue) பைல் ஜோடியாக எடுத்து, வட்டுப் பிரதிகளைப் பட்டியலிடும் ரெடம்ப் தளத்தில் உள்ள செக்சம்மோடு (பைலின் கைரேகை போன்ற எண்) ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் வட்டைக் கழுவித் துடைத்து, வேகத்தைக் குறைத்து, முடிந்தால் வேறு டிரைவில் எடுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. அந்தப் பிரிட்டிஷ் சிடிகளில் சிலவற்றில் நெட் யாரோஸ் என்ற, வீட்டிலேயே பிளேஸ்டேஷன் கேம் எழுத சோனி விற்ற கருவியில் ஆர்வலர்களே எழுதிய கேம்கள் இருக்கும். கடையில் தனியாக விற்காதவை அவை.

பிக்சல்பாண்டி:
மிக்க நன்றி. சிடியிலிருந்தே தொடங்குகிறேன். சென்டர் பின் இதழைப் பிரித்தால் பக்க வரிசை குழம்பாதா?

தாள்நேயன்:
அட்டையையும் சேர்த்து எண்ணுங்கள். நூறு பக்கம் என்றால் ஒரு தாளின் ஒரு முகத்தில் உள்ள இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 101 வரும்: 100-ம் 1-ம், 2-ம் 99-ம், 98-ம் 3-ம். நடுத்தாள் 50-ம் 51-ம்; அதை இரண்டாக வெட்டாமல் ஒரே படமாக வையுங்கள். பைல் பெயரில் 001, 002 என்று மூன்று இலக்கம் இருக்கட்டும். தாள் தானாக இழுக்கும் ஸ்கேனரானால் இருபது தாளுக்கு ஒருமுறை கண்ணாடிப் பட்டையைத் துடையுங்கள். ஒரு பொட்டுப் பசை ஒட்டினாலும் அதற்குப் பிறகு வரும் எல்லாப் பக்கத்திலும் மேலிருந்து கீழாகக் கோடு விழும். பசை முதுகு இதழ்களை அதில் விடவே வேண்டாம்.