தண்டையார்பேட்டைக் குடும்பக் குழு: பெரியப்பா விழுந்த மறுநாள்

கவிதா அக்கா: அனைவருக்கும் வணக்கம். நேற்று இரவு மூன்று மணியளவில் எழுந்துபோன அப்பா, கழிவறைப் படியில் விழுந்துவிட்டார். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. இடுப்பில் வீக்கம் இருக்கிறது. இனி காலை நடைக்குப் போக வேண்டாம் என்றால் கேட்க மறுக்கிறார். பெரியவர்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

பெரம்பூர் அத்தை: முருகா! வழுக்கியதா, மயக்கமா?

பெரியப்பா: எழுந்ததும் கண் இருட்டியது, அவ்வளவுதான். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனை நாற்காலியில் உட்கார வைக்கப் பார்க்காதீர்கள்.

பெரம்பூர் அத்தை: அந்த மூட்டையை இறக்கி வைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன, அண்ணா.

மூலக்கடை சித்தப்பா: கவிதா, உன் பயம் நியாயமானது; ஆனால் நடையை அடியோடு நிறுத்தினால் தொடைத் தசை இன்னும் வேகமாகக் கரைந்து, அடுத்த முறை விழுவதற்கு நாமே வழி செய்தவர்கள் ஆவோம். கண் இருட்டியது என்கிறாரே, அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். படுத்திருப்பவர் சட்டென்று எழும்போது இரத்தம் கால்களில் தங்கி, மூளைக்குப் போவது சில நொடிகள் குறைகிறது. இரத்த அழுத்த மாத்திரையோடு, இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழ வைக்கும் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்குத் தரப்படும் டாம்சுலோசின் போன்ற மாத்திரையும் சேர்ந்தால் அந்த இறக்கம் அதிகமாகலாம். ஆகவே படுத்த நிலையிலும், எழுந்து நின்ற பிறகு முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். அதுவரை கட்டில் விளிம்பில் சற்று உட்கார்ந்து, பாதங்களை ஆட்டிவிட்டு எழட்டும். எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தக் கூடாது.

பெரம்பூர் மாமா: பொறுமையாகப் படித்து முடித்துவிட்டேன்.

கவிதா அக்கா: இரண்டும் சாப்பிடுகிறார், சித்தப்பா. பிரஷர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. மற்றதை வேறொரு மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஒருவர் தருவது மற்றவருக்குத் தெரியாது.

நான்: இரண்டு அட்டைகளையும் படம் எடுத்துப் போடுங்கள், அக்கா. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஒரே மருத்துவரிடம் சேர்த்துக் காட்டிவிடலாம்.

பெரியப்பா: நான் இரவில் எத்தனை முறை எழுகிறேன் என்பது ஊருக்கே தெரிய வேண்டுமா?

பெரம்பூர் மாமா: இதில் என்ன வெட்கம், மச்சான்? அறுபதைத் தொட்ட ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது உண்டு. இரவு டீயை விட்டபின் எனக்குக் குறைந்திருக்கிறது.

பெரம்பூர் அத்தை: நீங்கள் எப்போது டீயை விட்டீர்கள்?

கவிதா அக்கா: விடியாத இருட்டில் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு ஓரமாக நடக்கிறார். எனக்கு அதுதான் பயம்.

மூலக்கடை சித்தப்பா: வீக்கம் வடிந்ததும், மருத்துவர் சம்மதித்தால், வெளிச்சம் வந்த பிறகு ராயபுரம் ராபின்சன் பூங்காவுக்குப் போகட்டும். ஆனால் நடை மட்டும் போதாது. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பைச் செய்வதோடு, தசைக்கான பயிற்சியை இரண்டு நாட்களும், தடுமாறாமல் நிற்கும் பயிற்சியை மூன்று நாட்களும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும், சமையல் மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பதும் வீட்டிலேயே செய்யக்கூடியவை. தசைக்குப் புரதமும் வேண்டும். அண்ணன் ஏதோ வீடியோவைப் பார்த்து மீனையும் முட்டையையும் விட்டிருக்கிறாராமே?

பெரம்பூர் அத்தை: காசிமேட்டு நெத்திலியை வேண்டாம் என்று சொல்லும் ஆளா எங்கள் அண்ணன்? ஞாயிற்றுக்கிழமை நானே வாங்கி வருகிறேன்.

நான்: கழிவறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி போட வேண்டும். அந்த டைல்ஸும் வழுக்குகிறது.

பெரம்பூர் அத்தை: அந்த டைல்ஸைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

மூலக்கடை சித்தப்பா: விலை குறைவாக இருக்கட்டும் என்று அன்று சொன்னது நீதான்.

கவிதா அக்கா: கம்பிக்கு யார் ஆளைக் கூப்பிடுவது?

பெரம்பூர் மாமா: எனக்குத் தெரிந்த பிளம்பர் ஒருவர் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன்.

பெரம்பூர் அத்தை: போன பொங்கலுக்கும் இதையேதான் சொன்னீர்கள்.

பெரியப்பா: கம்பி வேண்டுமானால் போடுங்கள். ஸ்டான்லிக்கு வியாழக்கிழமை வருகிறேன். நடையை மட்டும் நிறுத்த மாட்டேன்.

கவிதா அக்கா: வியாழன் எனக்கு விடுப்பு கிடைக்காது. யாராவது அழைத்துப் போக முடியுமா?

நான்: மதியத்துக்குள் கேட்டுச் சொல்கிறேன், அக்கா.