சமையல் குறிப்புக்குக் காப்பிரைட் உண்டா?

கேள்வி:
பல தடவை செய்து பார்த்து, அளவெல்லாம் சரிபண்ணி நான் எழுதிப் போட்ட சமையல் குறிப்பை ஒருவர் அப்படியே எடுத்துத் தன் பெயரில் போட்டிருக்கிறார். படத்தையும் சேர்த்து. அப்படியே என்றால் அப்படியேதான், 'இரண்டு கரண்டி எண்ணெய்' என்பதை நான் அவசரத்தில் 'இரண்டு கரடி எண்ணெய்' என்று தட்டியிருந்தேன், அங்கேயும் அதே இரண்டு கரடி! கேட்டால், "சமையல் குறிப்புக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது" என்கிறார். நிஜமாகவே எந்த உரிமையும் இல்லையா?

பதில் 1:
அவர் சொல்வது பாதி சரி. பொருள்களின் பட்டியல், அளவு, செய்யும் முறை இவற்றுக்குப் பொதுவாகக் காப்பிரைட் கிடையாது. உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸ், 9-வது பிரிவிலேயே இதைச் சொல்லிவிடுகிறது, பாதுகாப்பு வெளிப்பாட்டுக்குத்தான், கருத்துக்கோ செய்முறைக்கோ இல்லை என்று. '2 கப் மாவைச் சலிக்கவும்' என்பதை வேறு எப்படித்தான் எழுதுவது? ஆனால் அதை நீங்கள் விவரித்திருக்கும் விதம், முன்னால் எழுதிய கதை, எடுத்த படம், இதெல்லாம் உங்களுடையது. கரடி உட்பட வரிக்கு வரி எடுத்திருந்தால் அவர் மாட்டிக்கொண்டார் என்றுதான் தோன்றுகிறது.

பதில் 2:
ருசிக்கே காப்பிரைட் கேட்டுப் போனவர்கள் உண்டு. நெதர்லாந்தில் ஒரு சீஸ் தயாரிப்பாளர் இன்னொருவர் மேல் போட்ட வழக்கு அது. ருசி ஆளுக்கு ஆள் மாறும், துல்லியமாக வரையறுக்க முடியாது என்று 2018-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரிய கம்பெனிகள் ஃபார்முலாவை வெளியே விடாமல் வணிக ரகசியமாக வைத்திருப்பது சும்மா இல்லை. நீங்கள்தான் ஊரறியப் போட்டுவிட்டீர்களே, அந்த வழி அடைபட்டது.

பதில் 3:
காப்புரிமை என்று பேடன்டையும் சேர்த்துச் சொல்கிறோம், அது வேறு, கண்டுபிடிப்புக்குத் தரும் உரிமை. இதுவரை இல்லாத புதுமை வேண்டும், வீட்டுச் சமையலுக்குக் கிடைப்பது அபூர்வம், விடுங்கள். முதலில் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், இதைப் படித்தால் அவர் கரடியை விரட்டிவிடுவார். அப்புறம் படத்தையும் பத்திகளையும் மட்டும் சுட்டிக்காட்டி அந்தத் தளத்துக்குப் புகார் அனுப்புங்கள். அளவுகளைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
எடுத்துவிட்டேன், நன்றி. இப்போதுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பாத்திரத்தின் பளபளப்பில் போனும் கையுமாக நான் நிற்பது தெரிகிறது.