பாப் டெய்லர் பற்றிய பழைய செய்தி, படம் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, வணக்கம். இங்கிலாந்தின் டெர்பிஷயர் கவுண்டி அணி விக்கெட் கீப்பர் பாப் டெய்லரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல்தரப் போட்டிகளில் 1,649 பேரை அவுட்டாக்கியவர். எந்தக் கீப்பரும் இன்றுவரை அதை எட்டவில்லை. இங்கிலாந்து அணியின் அப்போதைய கீப்பர் ஆலன் நாட் பேட்டிங்கிலும் கெட்டிக்காரர் என்பதால், டெய்லருக்கு இங்கிலாந்து அணியில் நிலையான இடம் கிடைக்கும்போது வயது 36. கீப்பிங்கை மட்டும் பார்த்தால் டெய்லர்தான் ஒரு படி மேல் என்பேன்.

எனக்கு முக்கியமாக வேண்டியது 1980 பிப்ரவரி பம்பாய் டெஸ்ட். அதில் 10 கேட்ச் பிடித்தார். டெய்லருக்கு அம்பயர் அவுட் கொடுத்த பிறகும் இந்தியக் கேப்டன் விஸ்வநாத் அவரைத் திரும்ப அழைத்து ஆடவிட்டாரே, அதே ஆட்டம்! அப்போதைய தமிழ்ப் பத்திரிகைச் செய்தி, படம், நேரில் பார்த்த பெரியவர்களின் நினைவு, எதுவானாலும் பகிருங்கள். ஸ்டம்பை ஒட்டி நின்று அவர் கீப்பிங் செய்யும் வீடியோ கிடைத்தால் பெரிய உதவி.