ஜிடிபி டீபக்கரில் நம் சொந்த ஸ்ட்ரிங்கும் ரிங் பஃபரும் படிக்கிற மாதிரி தெரிய என்ன செய்வது?

டிக்கெட்_மெஷின் (கேள்வி)

வணக்கம். பேருந்து நடத்துநர்கள் கையில் வைத்திருக்கும் டிக்கெட் மெஷினுக்கு சி++ எழுதும் சின்னக் குழுவில் இருக்கிறேன். லினக்ஸ், ஜிசிசி கம்பைலர், பிழை தேட ஜிடிபி 12. மெஷினில் புரோகிராம் கிராஷ் ஆனால் கோர் டம்ப் (அந்த நொடியில் அதன் மெமரியில் இருந்ததன் நகல்) ஒன்று எங்களுக்கு வந்து சேரும். அதைத் திறந்து படிப்பதுதான் இப்போது என் வேலையில் பாதி.

எங்களிடம் மூன்று கிளாஸ்கள் எல்லா இடத்திலும் வருகின்றன. முதலாவது ஸ்ட்ரிங். 16 பைட் வரை உள்ளேயே வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் போனால் ஹீப்பில் இடம் வாங்கி பாயின்டர் வைக்கும். இரண்டும் ஒரே யூனியன், அதாவது ஒரே மெமரி இடத்தைப் பகிர்ந்துகொள்பவை. நிறுத்தப் பெயர்கள் தமிழில், யூடிஎஃப்-8. ஆகவே 'சேலம்' 15 பைட், உள்ளே அடங்கிவிடும். 'தாம்பரம்' 24 பைட், வெளியே போய்விடும். பிரின்ட் கொடுத்தால் ஜிடிபி யூனியனின் இரண்டு பக்கத்தையும் காட்டுகிறது. எது உண்மை என்று ஒவ்வொரு முறையும் நீளத்தைப் பார்த்து நானே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதுவும் எழுத்தாக வருவதில்லை. \340\256\232\340\257\207 என்று நீள்கிறது. இதுதான் 'சே' என்பது இப்போது எனக்கு மனப்பாடம்.

இரண்டாவது பணம். பைசாவாக 64 பிட் முழு எண். மூன்றாவது, கடைசி 8 டிக்கெட்டுகளை வைத்திருக்கும் ரிங் பஃபர் (கடைசி இடம் நிறைந்ததும் முதல் இடத்துக்குத் திரும்பும் வரிசை). இதில் தலை எங்கே, எண்ணிக்கை எவ்வளவு என்று பார்த்து, 6, 7, 0, 1 என்று மனசுக்குள் சுற்றிவந்து படிக்கிறேன்.

ஒரு டிக்கெட்டைப் பார்க்க முப்பது வரி. பைத்தான் எழுதி இதை மாற்றலாம் என்று கேள்விப்பட்டேன். எங்கே ஆரம்பிப்பது?

பழைய_மேக்ரோ

அவசரத்துக்கு 'செட் பிரின்ட் பிரெட்டி ஆன்' போட்டுப் பாருங்கள், வரிகளாவது பிரிந்து நிற்கும். அப்புறம் டிஃபைன் கட்டளையில் சொந்தக் கட்டளை எழுதி ஜிடிபி-இனிட் ஃபைலில் வைக்கலாம். நாங்கள் வெக்டர், மேப் எல்லாம் ஒரு காலத்தில் அப்படித்தான் பார்த்தோம். ஆனால் அந்தக் கட்டளையை நீங்களே கூப்பிட்டால்தான் வேலை செய்யும். பேக்ட்ரேஸில் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) வரும் ஆர்குமென்டுக்கோ, ஒரு ஸ்ட்ரக்டுக்குள் இருக்கும் ஸ்ட்ரிங்குக்கோ தானாக வராது. உங்களுக்கு வேண்டியது பிரெட்டி பிரின்டர், அதாவது ஒரு டைப்பை எப்படிக் காட்டுவது என்று ஜிடிபி-க்குச் சொல்லும் பைத்தான் கோட்.

நூலிழை

மேலே சொன்னது சரி. 2009-இல் ஜிடிபி 7.0 பைத்தானோடு வந்தபோதே பிரெட்டி பிரின்டரும் வந்துவிட்டது. எஸ்டிடி வெக்டர் உங்களுக்கு அழகாகத் தெரிகிறதே, அதுவும் ஜிசிசி-யின் லைப்ரரியோடு வரும் பைத்தான் ஸ்கிரிப்ட்தான். உங்கள் கிளாஸுக்கும் அதே வழி.

விஷயம் சின்னது. ஒரு டைப்புக்கு ஒரு பைத்தான் கிளாஸ். பார்க்க வேண்டிய மதிப்பை ஜிடிபி அதன் கையில் கொடுக்கும். டூ_ஸ்ட்ரிங் என்ற மெதட் ஒரு வரியைத் திருப்பித் தரும். உள்ளே உறுப்புகள் இருந்தால் சில்ட்ரன் என்ற மெதட் பெயரும் மதிப்புமாக ஜோடி ஜோடியாகத் தரும். டிஸ்ப்ளே_ஹின்ட் என்பதில் 'ஸ்ட்ரிங்', 'அரே', 'மேப்' மூன்றில் ஒன்றைச் சொல்லலாம். பதிவு செய்ய ஜிடிபி-யின் பிரின்டிங் மாட்யூலில் ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தை விவரிக்கும் குறிமுறை) வைத்துப் பெயரைப் பொருத்தும் தொகுப்பு ஒன்று தயாராக இருக்கிறது. டைப்டெஃப், கான்ஸ்ட், ரெஃபரன்ஸ் எல்லாவற்றையும் உரித்துவிட்டு அடியில் இருக்கும் பெயரைத்தான் அது பார்க்கும், அதனால் அந்தக் கவலை வேண்டாம். ரெகெக்ஸின் இரண்டு முனையிலும் ^, $ போட மறக்காதீர்கள். போடாவிட்டால் 'மணி' என்ற கிளாஸுக்கு எழுதியது 'மணிபேக்' மேலும் போய் உட்காரும்.

உங்கள் ஸ்ட்ரிங்குக்கு: நீளம் 16-க்குள் என்றால் உள் பஃபர், இல்லையென்றால் பாயின்டர். எதுவானாலும் லேசி ஸ்ட்ரிங்காக (காட்டும்போதுதான் மெமரியிலிருந்து படிக்கப்படுவது), யூடிஎஃப்-8 என்றும் நீளம் இவ்வளவு என்றும் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். ஹின்ட் 'ஸ்ட்ரிங்'. அப்போது பிரின்ட் எலிமென்ட்ஸ் என்ற வரம்பை (வழக்கமாக 200) ஜிடிபி-யே பார்த்துக்கொள்ளும். ரிங்குக்கு ஹின்ட் 'அரே', தலையிலிருந்து ஆரம்பித்து 8-ஆல் வகுத்த மீதியை எடுத்து வரிசையாகக் கொடுத்தால் போதும். நீங்கள் மனசுக்குள் சுற்றியதை அது சுற்றும்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இதில் அடிபட்டிருக்கிறேன். முன்பு ஒரு கணக்கு மென்பொருளில் வேலை பார்த்தேன், அங்கேயும் பைசாதான். பிரின்டரில் பைத்தான் முழு எண்ணாக மாற்றி, 100-ஆல் வகுத்து ரூபாய், மீதி பைசா என்று இரண்டே வரியில் எழுதினேன். 23550 என்றால் 235.50. மாதக்கணக்கில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒருநாள் திருப்பிக் கொடுத்த தொகை ஒன்று -24.50 என்று தெரிந்தது. டேட்டாபேஸில் -23.50. ஒரு ரூபாய் எங்கே போனது என்று நானும் இன்னொருவரும் அன்று சாயங்காலம் வரை கூட்டல் கோடைக் குடைந்தோம். கோடில் ஒரு தப்பும் இல்லை. மெமரியில் -2350 சரியாகவே இருந்தது. பைத்தானின் முழு எண் வகுத்தல் கீழ்நோக்கி இறங்கும்: -2350-ஐ 100-ஆல் வகுத்தால் -24, மீதி 50. சி++ பூஜ்யத்தை நோக்கி வெட்டும்: -23, மீதி -50. தப்பு என் பிரின்டரில். முதலில் குறியைத் தனியே எடுங்கள், மிச்ச எண்ணை வகுங்கள், பிறகு குறியை முன்னால் ஒட்டுங்கள்.

அன்றிலிருந்து எந்த எண்ணிலாவது சந்தேகம் வந்தால் முதலில் 'பிரின்ட்' பின்னால் /ஆர் போட்டுப் பார்ப்பேன். பிரின்டரை ஒதுக்கிவிட்டு உள்ளே இருப்பதை அப்படியே காட்டும். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம்.

ஒன்று, பிரின்டருக்குள்ளிருந்து உங்கள் புரோகிராமின் ஃபங்ஷனைக் கூப்பிடாதீர்கள். கிளாஸில் டூஸ்ட்ரிங் ஏற்கெனவே இருக்கிறதே, அதைக் கூப்பிட்டால் ஒரே வரியில் முடியுமே என்று தோன்றும். கோர் டம்பில் ஓடுகிற புராசஸே இல்லை, அங்கே அது நடக்கவே நடக்காது. ஓடும் புராசஸில் நடக்கும், அது இன்னும் மோசம். ஜிடிபி அந்த ஃபங்ஷனை ஓட்டும்போது, ஷெட்யூலர் லாக்கிங் (மற்றவற்றை நிறுத்திவைக்கும் அமைப்பு) போடாத வரை, மற்ற த்ரெட்களும் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடுபவை) கூடவே ஓடும். நிறுத்திவைத்த இடத்தில் ஒரு வேரியபிளைப் பார்ப்பதற்குள் இன்னொரு த்ரெட் வரிசையில் இருந்ததை எடுத்துக்கொண்டு போய்விடும். பிடிக்க வந்த பிழை கண் முன்னால் கலைந்துவிடும். ஃபீல்டுகளை மட்டும் படியுங்கள்.

இரண்டு, உங்கள் பிரின்டர் கெட்டுப்போன மெமரியில்தான் அதிகம் ஓடப்போகிறது. கோர் டம்ப் பார்ப்பவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஓடும் புராசஸில்கூட, ஃபங்ஷனின் முதல் வரியில் நின்று 'இன்ஃபோ லோக்கல்ஸ்' கொடுத்தால், இன்னும் கன்ஸ்ட்ரக்டர் ஓடாத வேரியபிள்களும் வரும், உள்ளே பழைய குப்பையோடு. லிங்க்ட் லிஸ்ட் ஒன்றுக்கு நான் எழுதிய டூ_ஸ்ட்ரிங் நோடுகளை எண்ணி 'மொத்தம் இத்தனை' என்று சொல்லும். ஃப்ரீ ஆகிவிட்ட ஒரு நோடின் நெக்ஸ்ட் தன்னையே காட்டிக்கொண்டிருந்தது. எண்ணி முடியவே இல்லை, ஜிடிபி உறைந்தே போனது. இப்போது எல்லாச் சுற்றுக்கும் ஒரு உச்சவரம்பு வைக்கிறேன். உங்கள் ஸ்ட்ரிங்கிலும் நீளம் கொள்ளளவைத் தாண்டினால், ரிங்கில் எண்ணிக்கை 8-ஐத் தாண்டினால், அதை மறைத்து அழகாக்காதீர்கள். 'எண்ணிக்கை இவ்வளவு, இடம் 8, கெட்டிருக்கிறது' என்று வெளிப்படையாக எழுதுங்கள். பிழை தேடுபவருக்கு வேண்டிய செய்தியே அந்த வரிதான்.

மெமரி எரரைப் பிடிக்கும்போது ஒரு வழுக்கல் உண்டு. ஜிடிபி-யின் மதிப்புகள் சோம்பேறிகள். பாயின்டரை டீரெஃபரன்ஸ் செய்யும் இடத்தில் ட்ரை போட்டால் அங்கே எதுவும் நடக்காது, ஏனென்றால் இன்னும் படிக்கவே இல்லை. பிறகு பயன்படுத்தும் இடத்தில் வெடிக்கும். ட்ரைக்குள்ளேயே ஃபெட்ச்_லேசி கூப்பிட்டுப் படிக்க வையுங்கள்.

எழுதும்போது 'செட் பைத்தான் பிரின்ட்-ஸ்டேக் ஃபுல்' போட்டுக்கொண்டால் தப்பு எந்த வரியில் என்று முழுதாகத் தெரியும். ஸ்கிரிப்டை மாற்றினால் ஜிடிபி-யை மூட வேண்டாம். பதிவு செய்யும் இடத்தில் ரீபிளேஸ் ட்ரூ கொடுத்துவிட்டு மறுபடி 'சோர்ஸ்' செய்தால் போதும்.

டிக்கெட்_மெஷின்

ரொம்ப நன்றி. நேற்று ராத்திரியே மூன்றையும் எழுதிவிட்டேன், எண்பது வரிகூட ஆகவில்லை. ரத்து செய்த டிக்கெட்டுக்குக் குறியையும் சரியாகவே போட்டேன். என் லேப்டாப்பில் இப்போது ஒரு டிக்கெட் இப்படி வருகிறது:

{ஏறுமிடம் = "தாம்பரம்", இறங்குமிடம் = "சேலம்", கட்டணம் = ரூ. 235.50}

இதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆனால் மூன்று இடத்தில் நிற்கிறேன். ஒன்று, பைனரி பக்கத்திலேயே அதன் பெயரோடு '-ஜிடிபி.பிஒய்' சேர்த்து ஸ்கிரிப்டை வைத்தேன், தானாக ஏறும் என்று படித்ததால். சேஃப் பாத் (தானாக ஏற்ற அனுமதித்த இடங்களின் பட்டியல்) காரணமாக மறுக்கப்பட்டது என்று எச்சரிக்கை வருகிறது. வலைத்தளம் ஒன்றில் சேஃப் பாத்தை வெறும் / என்று வைக்கச் சொல்கிறார்கள். இரண்டு, அலுவலக டாக்கர் கன்டெய்னருக்குள் அதே ஸ்கிரிப்ட், அதே டம்ப், ஆனால் மறுபடி \340\256. மூன்று, டெர்மினலில் எல்லாம் சரி, சக ஊழியரின் விஎஸ் கோட் எடிட்டரில் பழைய முப்பது வரிதான்.

நூலிழை

/ என்று வைக்காதீர்கள். அந்தப் பூட்டு காரணத்தோடுதான் இருக்கிறது. ஸ்கிரிப்ட் என்பது முழு பைத்தான், உங்கள் உரிமையில் எதையும் செய்யும். யாரோ அனுப்பிய பைனரியை ஜிடிபி-யில் திறந்த மாத்திரத்தில் பக்கத்தில் கிடக்கும் ஸ்கிரிப்ட் ஓடிவிடக் கூடாது. உங்கள் பில்ட் டைரக்டரியை மட்டும் ஆட்-ஆட்டோ-லோட்-சேஃப்-பாத் கட்டளையால் உங்கள் ஹோம் டைரக்டரியின் ஜிடிபி-இனிட்டில் சேருங்கள். குழுவில் ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதினால் முடிந்தது.

டாக்கரில் லாங் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் காலியாக இருக்கும், பாருங்கள். அப்போது லொகேல் (மொழி, எழுத்துக் குறியீடு பற்றிய அமைப்பு) வெறும் 'சி'. ஜிடிபி-க்கு ஆஸ்கி தவிர எதுவும் அச்சிடத் தக்க எழுத்தாகத் தெரியாது, அதனால் ஒவ்வொரு பைட்டையும் \340 போன்ற எட்டடிமான (ஆக்டல்) எண்ணாக்கிவிடும். லாங்கை சி.யூடிஎஃப்-8 என்று வைத்துவிட்டு ஜிடிபி-யைத் திறங்கள். உங்கள் பிரின்டரில் கை வைக்க வேண்டாம். சொல்லப்போனால், முதல் கேள்வியில் நீங்கள் காட்டியதும் இதே நோய்தான்.

எல்எல்டிபி_பக்கம்

மூன்றாவதுக்கு நான் சொல்கிறேன். விஎஸ் கோட் ஜிடிபி-யோடு எம்ஐ (மற்ற மென்பொருள்களுக்கான ஜிடிபி-யின் இடைமுகம்) வழியாகப் பேசுகிறது. அங்கே பைத்தான் பிரின்டர்கள் தானாக எழுந்திருக்காது, '-எனேபிள்-பிரெட்டி-பிரின்டிங்' என்ற கட்டளை போக வேண்டும். லான்ச் ஜேசனில் செட்டப் கமாண்ட்ஸ் பகுதியில் அது இருக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்களில் யாராவது மேக்கில் எல்எல்டிபி என்ற இன்னொரு டீபக்கரைப் பயன்படுத்தினால் இந்த ஸ்கிரிப்ட் அங்கே ஓடாது. அங்கேயும் பைத்தான்தான், ஆனால் ஒரு வரிக்கு 'டைப் சம்மரி', உறுப்புகளுக்கு 'டைப் சிந்தெடிக்' என்று தனித்தனியே சேர்க்க வேண்டும். விஷுவல் ஸ்டூடியோவில் நாட்விஸ் என்ற எக்ஸ்எம்எல் ஃபைல். மூன்றுக்கும் எழுதும் நிலை வந்தால் கணக்குப் போடும் பகுதியை மட்டும் பிரித்து வையுங்கள், குறைந்தது ஜிடிபி-க்கும் எல்எல்டிபி-க்கும் அது பொதுவாகும்.

டிக்கெட்_மெஷின்

மூன்றும் சரியாகிவிட்டது. டாக்கரில் 'தாம்பரம்' தமிழில் வந்ததும் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அதே டாக்கரில் இரண்டு வருடமாக எட்டடிமான எண்களையே படித்துக்கொண்டிருந்தவர்.

இன்று காலையில் பழைய டம்ப்கள் பதினொன்றை வரிசையாகத் திறந்து பேக்ட்ரேஸ் மட்டும் கொடுத்தேன். நான்கில் ரிங் பஃபர் இருக்கும் இடத்தில் இந்த வரி:

எண்ணிக்கை 9, இடம் 8, கெட்டிருக்கிறது

இந்த நான்கையும் நான் முன்பே பார்த்திருக்கிறேன். அப்போது எட்டு இடத்திலும் டிக்கெட் இருந்தது, முப்பது முப்பது வரியாக, எல்லாமே முறையாகத் தெரிந்தன. கீழே தனியாக நின்ற அந்த 9 என் கண்ணில் படவே இல்லை. டிக்கெட் அச்சிடும் த்ரெட்டும் சர்வருக்கு அனுப்பும் த்ரெட்டும் அந்த எண்ணைப் பூட்டு இல்லாமல் தொடுகின்றன. லாக் போட்டு மதியம் ரிவ்யூவுக்கு அனுப்பிவிட்டேன், பிரின்டர் ஸ்கிரிப்டையும் அதே கமிட்டில் சேர்த்து.