பொருள்: கொணர்வீடு — 'நடமாடும் வீட்டுப் பூங்கா'வுக்கு மாற்று

> கலிபோர்னியச் சட்டத்தில் வரும் மொபைல் ஹோம் பார்க்கை 'நடமாடும் வீட்டுப் பூங்கா' என்று எழுதியிருக்கிறேன். பொது நிலத்தில் இருப்பதைப் படிப்படியாக மூடும் விதிகள்தான் கட்டுரை. 'புறம்போக்குக் குடியிருப்பு ஒழிப்பு' எனலாமா ஐயா?

வணக்கம் தம்பி.

பூங்காவை முதலில் எடுத்துவிடுங்கள். யாரோ காற்று வாங்க வந்து வீட்டோடு தங்கிவிட்ட மாதிரி இருக்கிறது. பேட்டை போதும்.

'நடமாடும்' அதைவிட மோசம். ஆலையில் செய்த வீட்டை ஒரே ஒருமுறை இழுத்து வருவார்கள். சக்கரத்தைக் கழற்றி, முட்டுக் கொடுத்து, கீழே இடைவெளி தெரியாமல் சுற்றிலும் தகடு அடித்து, குழாயும் மின்சாரமும் இணைத்தால் பிறகு அது அங்கேயேதான். பழைய வீட்டைப் பெயர்த்தால் தாங்காது. தாங்கினாலும் வேறு பேட்டையில் இடம் கிடைப்பது அரிது. சட்டமே இந்த நகராமையின் மேல்தான் நிற்கிறது. நகர்த்த முடியுமென்றால் 'கிளம்புங்கள்' என்றால் போதுமே, மூடினால் குடியிருப்போருக்கு என்ன பாதிப்பு என்று சொல்லும் அறிக்கை எதற்கு, ஈடு எதற்கு? கொண்டுவந்து வைத்த வீடு என்பதால் என் பரிந்துரை: கொணர்வீடு, கொணர்வீட்டுப் பேட்டை.

புறம்போக்கு வேண்டவே வேண்டாம். நம்மவர்கள் உடனே ஆக்கிரமிப்பு என்று படிப்பார்கள். கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் மிஷன் பே என்ற விரிகுடா ஓரம் இருந்த டி ஆன்சா பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 500 வீடுகள், முறையாக வாடகை கட்டியவர்கள். நிலம் கடலோத நிலம், அதாவது கடல் நீர் ஏறி இறங்கும் நிலம். மக்கள் பொதுப் பயனுக்காக மாநிலம் நகரத்திடம் ஒப்படைத்தது, அதில் தனியார் குடியிருக்கக் கூடாது. ஆனாலும் 1953இல் போட்ட 50 ஆண்டுக் குத்தகை முடியும் 2003 வரை இருந்துகொள்ளலாம் என்று 1981இல் மாநிலம் தனிச் சட்டமே போட்டது. கெடு முடிந்ததும் 'காலம்தான் ஆயிற்றே' என்றது நகரம்; 'பேட்டையை மூடும் விதிப்படி அறிக்கையும் ஈடும் எங்கே' என்று குடியிருந்தோர் வழக்குப் போட்டார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

வீடு தன்னுடையது, நிலம் பிறருடையது. இதற்கு நம்மிடம் சொல் கிடக்கிறது: கோயில் நிலத்தில் வீடு கட்டியவர்கள் சொல்லும் அடிமனை. மாதாமாதம் கட்டுவது அடிமனை வாடகை. புதிதாக ஆக்கவே வேண்டாம்.

> அடிமனை அருமை. 'ஒழிப்பு' இருக்கட்டுமா?

கொசு ஒழிப்பு ஞாபகம் வருகிறது! படிமுறை மூடல் என்று போடுங்கள். நிலப் பயன்பாட்டை மாற்றுவதால் மூடும்போது, உள்ளூர் அனுமதி தேவையென்றால் எல்லா அனுமதியும் வந்தபின் குறைந்தது 6 மாத அறிவிப்பு. அனுமதியே தேவையில்லையென்றால் குறைந்தது 12 மாதம். முன்னதில் அனுமதிக் கூட்டத்துக்கு முன்பே குடியிருப்போருக்குத் தகவல் போக வேண்டும். படி படியாக இருப்பது அதுதான்.

> சரி. ஆனால் கொணர்வீட்டை 'வாடகைக்குக் கொண்டுவந்த வீடு' என்று யாரும் நினைத்துவிட்டால்?

முதல் முறை வரும் இடத்தில் 'ஆலையில் செய்து கொணர்ந்த சொந்த வீடு' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.