புதுப்பிப்பு: 450 சைஸ் ரிமோட் ஹெலிகாப்டர்ல ஒன்-வே பேரிங் (ஒரே திசையில மட்டும் பிடிச்சு ரோட்டரைச் சுத்த வைக்கிறது) வழுக்கல் சரியாயிடுச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்ல, த்ராட்டில் ஏத்துனா மோட்டார் கத்துது, ரோட்டர் வேகம் பிடிக்கலன்னு. உதவி பண்ண எல்லாருக்கும் நன்றிங்க.

கிரீஸைக் கழுவிப் பாருன்னு ஈப்போ அண்ணன் சொன்னதுதான் பாதி விடை. நான்தான் நல்லதுன்னு நெனச்சு கெட்டி கிரீஸை அப்பி வச்சிருந்தேன், உள்ள இருக்கிற ரோலருங்க அதுல மெதந்துக்கிட்டு ஷாஃப்டைப் பிடிக்கவே இல்ல. லைட்டர் பெட்ரோல்ல ரெண்டு தடவ கழுவுனேன், கருப்பா சேறு மாதிரி வந்துச்சு, காயவச்சு தையல் மிஷின் எண்ணெய் ஒரே சொட்டு.

அப்புறமும் ஹோவர் (அந்தரத்துல ஒரே எடத்துல நிக்கிறது) ஓகே, ஆனா வேகமா மேல ஏத்துனா வழுக்குது. பேரிங்குக்கும் அது உக்காந்திருக்கிற ஹப்புக்கும் குறுக்க மார்க்கர்ல ஒரு கோடு போட்டு பறக்கவிட்டேன், எறக்கிப் பார்த்தா கோடு ரெண்டும் வேற வேற பக்கம்! பேரிங்கே ஹப்புக்குள்ள சுத்துது, இத நான் எதிர்பார்க்கல. ரோலருங்க பிடிக்கிற ஸ்லீவ்லயும் (ஷாஃப்ட் மேல இருக்கிற குழாய்) நகத்தால தடவுனா பள்ளம் தட்டுச்சு, அதனால பேரிங், ஸ்லீவ் ரெண்டையும் மாத்திட்டேன். பேரிங் 6x10x12 மில்லிமீட்டர் (உள்விட்டம், வெளிவிட்டம், நீளம்). அலுமினிய ஹப்புங்கிறதால பேரிங் வெளிப்பக்கத்த உப்புத்தாள்ல லேசா தேச்சு பச்சை லாக்டைட் பசை போட்டு ஒரு ராத்திரி விட்டேன், உள்ள ஒரு துளி போனாலும் ரோலர் ஒட்டிக்கும், கவனம். மொத தடவ பேரிங்க தலைகீழா மாட்டிட்டேன் லா, நல்லவேளை பசைக்கு முன்னாடி கையால சுத்திப் பார்த்தேன்.

நேத்து சுங்கை சிப்புட் தோட்டத்து திடல்ல 4 பேட்டரி ஓட்டியாச்சு, புதுசா போட்ட கோடு அசையல. அஞ்சாவதுக்கு மழ வந்துடுச்சு.