ஹெச்-இண்டெக்ஸ் இரண்டு தளங்களில் இரண்டு விதம்: விண்ணப்பத்தில் எதை எழுதுவது?

ஆனைமலைப் பெண்:
வணக்கம். மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் முடித்து, உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். என் ஆய்வு தென்னை வேர் வாடல் நோயைப் பற்றியது. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு அந்த நோயை விளக்க வேண்டியதில்லை. எங்கள் தோப்பிலேயே மரங்களை வெட்டியிருக்கிறோம். நோயை உண்டாக்கும் ஃபைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவை, அதன் டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். முறையில் கண்டறிவது என் வேலை.

விண்ணப்பத்தில் ஹெச்-இண்டெக்ஸ் கேட்கிறார்கள். அது 5 என்றால், குறைந்தது ஐந்து முறை பிறர் மேற்கோள் காட்டிய கட்டுரைகள் ஐந்தாவது நம்மிடம் உண்டு என்று பொருள். கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் திரட்டும் தளங்களான கூகுள் ஸ்காலரில் எனக்கு 9, ஸ்கோபஸில் 5. ஸ்காலர் பக்கத்தில் என் பெயரும் முன்னெழுத்தும் உள்ள வேறொருவரின் சாயக்கழிவு பற்றிய கட்டுரைகளும் சேர்ந்துவிட்டன. பெரிய எண்ணையே எழுது, யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறார் உடன் படித்தவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. போன முறை ஒரு நேர்காணலில், "இத்தனை ஆண்டு உழைத்து இவ்வளவுதானா மேற்கோள்?" என்று கேட்டார்கள். வாயடைத்துப் போனேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பெருந்துறை வாசகர்:
முதலில் அந்தச் சாயக்கழிவுக் கட்டுரைகளை நீக்குங்கள் சகோதரி. உங்கள் ஸ்காலர் பக்கத்தில் நுழைந்து, கட்டுரையைத் தேர்ந்தெடுத்து அழித்துவிடலாம். புதிய கட்டுரைகள் தாமாகச் சேராமல், உங்கள் ஒப்புதல் கேட்டுச் சேரும்படியும் அமைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரோ தந்தை பெயரோ ஒற்றை எழுத்தாகச் சுருங்கும் நமக்கு இந்தக் குழப்பம் தீராது. ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இலவசம். அதைப் பெற்று ஒவ்வொரு கட்டுரையோடும் இணைத்துவிடுங்கள்.

வடவள்ளிப் பெரியவர்:
அம்மணி, உடன் படித்தவர் சொன்னதைக் கேட்காதீர்கள். பிறர் உழைப்பை நம் கணக்கில் எழுதுவது பிழை.

இரண்டு எண்கள் வருவதில் வியப்பில்லை. ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களை முதன்மையாகக் கொண்டு கணக்கிடுகிறது. ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை என்று இணையத்தில் கிடைப்பதையெல்லாம் சேர்க்கிறது. எதை எழுதினாலும் தளத்தின் பெயரையும் பார்த்த தேதியையும் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள்.

நேர்காணலில் கேட்ட கேள்விதான் என்னை உறுத்துகிறது. ஹெச்-இண்டெக்ஸை 2005-ல் முன்மொழிந்தவர் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவரின் கட்டுரைகள் 40, 12, 9, 7, 5, 5, 3 முறை மேற்கோள் பெற்றிருந்தால் அவருடைய எண் 5. ஐந்து கட்டுரைகள் ஐந்து முறையாவது எடுத்தாளப்பட்டுள்ளன, அவ்வளவுதான் பொருள். அந்த 40 இனி 400 ஆனாலும் எண் 5-ஆகவே நிற்கும். துறைக்குத் துறை இது மாறும் என்று அவரே எழுதியிருக்கிறார். புற்றுநோய் மரபணு பற்றி எழுதுபவரை எடுத்தாள உலகம் முழுவதும் ஆய்வகங்கள் உண்டு. தென்னை ஃபைட்டோபிளாஸ்மாவுக்கு எத்தனை இருக்கும்? அதிலும் அது எளிதில் வளர்ப்பு ஊடகத்தில் வளராத, செல்சுவர் இல்லாத உயிரி.

2014-ல் நேச்சர் இதழ் அதிகம் எடுத்தாளப்பட்ட 100 கட்டுரைகளைப் பட்டியலிட்டது. முதலிடம், புரதத்தை அளக்கும் முறை பற்றி லௌரி குழுவினர் 1951-ல் எழுதியதற்கு. 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை விளக்கிய வாட்சன், கிரிக்கின் 1953 கட்டுரைக்கு அந்த நூறில் இடமில்லை. இதை நேர்காணல் குழுவிடம் சொல்லியிருக்கலாம்.

நம் கோவைக் கரும்பு நிலையம் 1918-ல் தந்த கோ 205 என்ற கரும்பு ரகம் வட இந்திய வயல்களுக்குப் போனது. அதை நட்ட விவசாயி யாரும் மேற்கோள் எழுதவில்லை. உங்கள் சோதனை முறையை எந்த ஆய்வகமாவது பயன்படுத்துகிறதா, நாற்றுப் பண்ணைக்கு உதவியதா என்பதை விண்ணப்பத்தில் தனிப் பத்தியாக எழுதுங்கள். மூன்று கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் உங்கள் கையால் நடந்த வேலை எது என்றும் சொல்லுங்கள்.

கோபி ஆசிரியர்:
பெரியவர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் எண்ணை ஒதுக்கிவிட்டு எழுத முடியாது ஐயா. குவியும் விண்ணப்பங்களை முதல் சுற்றில் பெரும்பாலும் எண்ணை வைத்துத்தான் வடிகட்டுகிறார்கள். தேர்வுக் குழுவில் இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: சுய மேற்கோள், அதாவது நம் கட்டுரையை நாமே எடுத்தாண்டது, எத்தனை என்பதையும் பிரித்துக் காட்டினால் நம்பிக்கை கூடும். கேட்காமலே காட்டுபவர்கள் குறைவு.

ஆனைமலைப் பெண்:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. நீக்கிவிட்டேன், ஸ்காலரில் இப்போது 6. அதையே எழுதப் போகிறேன். ஒரு கட்டுரையில் என் பெயர் இரண்டாவதாக இருக்கிறது. ஆனால் சம பங்களிப்பு என்று இதழே அச்சிட்டிருக்கிறது. அதை அந்த மூன்றில் சேர்க்கலாமா?

வடவள்ளிப் பெரியவர்:
தாராளமாக. நம் துறையில் முதல் பெயர் ஆய்வு மேசையில் உழைத்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது என்றுதான் படிப்பார்கள். இரண்டாவது பெயர் கண்ணில் படாமல் போகும். ஆகவே பெயர் வரிசையை மாற்றாமல், இருவர் பெயருக்கும் உடுக்குறி (*) இட்டு, அடியில் சம பங்களிப்பு என்று எழுதிவிடுங்கள் அம்மணி.